சூரியன் காத்திருக்குமா?

நேற்று சாயங்காலம் படமெடுக்க கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டு, சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்க்க ஆப்பைத் திறந்தேன். "புதிய பதிப்பு வந்துள்ளது." சரி, அப்புறம் என்றேன். "உள்நுழையவும்." ஓடிபி வந்தது, போட்டேன். 30 விநாடி விளம்பரம். மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. விரல் பட்டதும் வேறு ஏதோ கேமைப் பதிவிறக்கச் சொல்லி ஒரு பக்கம் திறந்தது. திரும்பி வந்தால், "எங்களுக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?"

வானத்தில் சூரியன் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது. நான் ஸ்டார் கொடுத்து முடிக்கும்வரை அது நிற்குமா? அந்தப் பொன்னிற வெளிச்சம் போயே போய்விட்டது.

தேதி, நேரம், இருக்கும் இடம், இந்த மூன்றும் போதும் சூரியனின் திசையைக் கணக்கிட. இன்டர்நெட்டே வேண்டாம். அப்படியிருக்க உள்நுழைவு எதற்கு? என் தொடர்பு எண்கள் எதற்கு? ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய ஆப் இது. இப்போது மாதச் சந்தா கட்டினால்தான் நாளைய அஸ்தமனத்தைக் காட்டுமாம். நாளைய சூரியனுக்கு வாடகையா?

இது ஒன்றுதானா? டார்ச் ஆப் மைக் அனுமதி கேட்கிறது. கால்குலேட்டர் லொகேஷன் கேட்கிறது. ஸ்கேனர் ஆப் நம் ரசீதின் குறுக்கே தன் பெயரை அச்சடிக்கிறது. படத்தை நேராக்கும் ஆப், கேட்காமலே முகத்தை மாவு பூசியதுபோல் வழவழப்பாக்குகிறது. அம்மாவின் முகத்துச் சுருக்கத்தை அழிக்கச் சொல்லி யார் கேட்டது? அந்தச் சுருக்கத்துக்காகத்தானே அந்தப் படத்தையே எடுத்தேன்!