ஆகஸ்ட்ல போகலாமாம்!

நேற்று இரவு 11.40க்கு நண்பன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது: "மச்சான், லாங் வீக்எண்ட் எனக்கு செட் ஆகாது போல. ஆகஸ்ட்ல போகலாமா?"

மீன்பிடிக்கக் கிளம்ப ஒன்பதே நாள் இருக்கிறது. ஒன்பது!

அந்தப் "போல" இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. வரமாட்டேன் என்று நேராகச் சொல்லத் துணிவில்லாதவன் போடுகிற "போல". ஜனவரியில், வெளியே மைனஸ் 20 குளிரில் எல்லாரும் போர்வைக்குள் கிடந்தபோது, குரூப்பில் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கியவன் இவன்தான். ஆறு பேர், கனடாவில் ஒண்டாரியோவின் நிபிஸிங் ஏரிக்கரையில் ஒரு கேபின், மூன்று இரவு, ரெண்டு படகு. தலைக்கு 300 டாலர். பாதியை முன்பணமாகக் கட்டியாயிற்று, திரும்ப வராது. யார் கார்டிலிருந்து போனது? என் கார்டிலிருந்து.

உடனே போன் போட்டேன். 47 நிமிடம் பேசினோம். அத்தனையையும் இங்கே கொட்டினால்தான் எனக்கு மனசு ஆறும்.

"என்னடா ஆச்சு?" "சகலை பையனுக்கு ஃபர்ஸ்ட் பர்த்டே மச்சான். அந்த சனிக்கிழமைதான் ஹால் கிடைச்சிருக்கு." "ஹால் எப்ப புக் பண்ணாங்க?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "பிப்ரவரில." பிப்ரவரியில் தெரிந்த விஷயத்தை மே மாதம் சொல்கிறான். "அப்பவே ஏண்டா சொல்லல?" "நீ ஃபீல் பண்ணுவன்னுதான் மச்சான்." மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, என் மனசு நோகக் கூடாதென்று இருந்தேன் என்கிறான்.

சரி, பிறந்தநாள். குழந்தை நன்றாக இருக்கட்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "வர முடியாது, மன்னிச்சிடு" என்று பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். ஆனால் அடுத்து ஒன்று கேட்டான் பாருங்கள்: "ஏன், ஆகஸ்ட்ல போனா மீன் செத்துடுமா?"

செத்துப் போகாது. ஆனால் அது அங்கே இருக்காதுடா!

இதை எத்தனை தடவை சொல்லிவிட்டேன். நிபிஸிங்கில் பனிக்கட்டி விலகுவதே ஏப்ரல் கடைசியில், சில வருடம் மே முதல் வாரமும் ஆகிவிடும். பனி உருக உருக பைக் (pike) என்கிற வேட்டை மீன் நாணல் மூழ்கின சதுப்புத் தண்ணீருக்குள் போய் முட்டையிடும். அதற்குப் பின்னாலேயே பிக்கரல் மீன், ஆற்று வாய்க்கும் கூழாங்கல் தரைக்கும் வந்து முட்டையிடும். வால்ஐ (walleye) மீன் என்பார்களே, அதைத்தான் ஒண்டாரியோக்காரர்கள் பிக்கரல் என்கிறார்கள். முட்டையிடும் காலம் முழுக்க அதைப் பிடிக்கத் தடை. மே மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கிறார்கள். முட்டை விட்ட களைப்பு தீர்ந்து, அகோரப் பசியோடு ரெண்டு மீனும் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் நிற்கிற நாட்கள் அவை. ஏரி முழுக்கச் சில்லென்று கிடக்கும்போது முதலில் சூடு பிடிப்பது வளைகுடாக்கள்தான், அதனால் பைக் அங்கேதான் கிடக்கும். நம் ஊர் விரால் பாசிக்குள் அசையாமல் கிடந்து சட்டென்று பாயுமே, அதே குணம். ஜூலை வந்து தண்ணீர் சூடானதும் பெரிய பைக் எல்லாம் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். ஆகஸ்டில் போய் எதைத் தேடுவது?

அந்த சனிக்கிழமை பெரும்பாலும் விக்டோரியா டே திங்கட்கிழமை விடுமுறையோடு சேர்ந்தே வரும். லீவு போடக்கூட வேண்டாம்! இதைவிட வசதியாக ஒரு மீன் எப்படி நடந்துகொள்ளும்?

அடுத்த கேள்வி: "ஆளுக்கு ரெண்டு பிக்கரல்தானே வச்சுக்க முடியும்? ரெண்டு மீனுக்காக நாலு மணி நேரம் வண்டி ஓட்டணுமா?" ஆமாம், ரெண்டுதான். அந்த ஏரியில் பிக்கரல் குறைந்துபோய், 2014இல் 46 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளவே கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். குட்டி பிழைத்து ஒருமுறையாவது முட்டையிடட்டும் என்றுதான். நான் அதை மனசார ஏற்கிறேன். எண்ணிக்கை வேண்டுமானால் மீன் கடைக்குப் போ. விடியற்காலை மூடுபனியில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஜிக்கை, அதாவது ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளை இறக்கி, அது கல்லில் தட்டுகிற அந்தச் சின்ன "டொக்" விரலுக்கு வந்து சேருகிறதே, அடுத்த தட்டலில் அது கல் இல்லை என்று தெரிகிறதே, அதற்காகத்தான் நான் போகிறேன். இதை அவனிடம் சொன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தம்தான் கேட்டது.

பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னான். "ஞாயித்துக்கிழமை மதியம் வந்து சேர்ந்துடறேன் மச்சான். ரெண்டு மணி நேரம் புடிப்போம். திங்கக்கிழமை காலைல கிளம்பிடலாம், ட்ராஃபிக் இருக்கும்." பட்டப்பகலில் பிக்கரல்! அதன் கண்ணுக்குள் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிற ஒரு படலம் இருக்கிறது. டார்ச் அடித்தால் பூனைக் கண் மாதிரி மின்னும். அதனால்தான் மங்கின வெளிச்சத்தில் வேட்டையாடும். விடியலும் அந்தியும்தான் அதன் நேரம். இவன் சொல்கிற கணக்கில் கிடைப்பதே ஒரு அந்திதான். அன்றைக்குக் காற்று எழும்பினால் அதுவும் போச்சு. 873 சதுர கிலோமீட்டர் ஏரி, சராசரி ஆழம் நாலரை மீட்டர்தான். காற்று அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் கிளம்பிப் படகைப் புரட்டிவிடும். காற்றுக்கு ஒரு நாள் போனாலும் கையில் ரெண்டு நாள் இருக்கட்டும் என்றுதான் மூன்று இரவு போட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இவனுக்கு எல்லாமே தள்ளிவைக்கிற சமாச்சாரம்.

என் மேசை மேல் இப்போது பன்னிரண்டு கம்பி லீடர், அதாவது தூண்டில் நூலுக்கும் இரைக்கும் நடுவில் மாட்டுகிற கம்பித் துண்டுகள் கிடக்கின்றன. பைக் வாயில் கை விட்டவர்களுக்குத் தெரியும். பல் உள்பக்கம் சாய்ந்து ஊசி ஊசியாக நிற்கும். சாதா நூலை ஒரு திருகலில் அறுத்துக்கொண்டு லூரோடு (செயற்கை இரையோடு) போய்விடும். ஆளுக்கு ரெண்டு என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து, கம்பியை முறுக்கி, சுழலியும் கொக்கியும் மாட்டி, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவன் பெயரும் அதில் இருக்கிறது. இன்னும் கிழிக்க மனசு வரவில்லை.

இன்று காலை இன்னொருவன். "அவன் வரலன்னா நானும் யோசிக்கணும்." ஒண்டாரியோவில் மீன்பிடி லைசென்ஸுக்கு வேண்டிய அவுட்டோர்ஸ் கார்டே இவனுக்கு இல்லை. எட்டரை டாலர் சொச்சம், மூன்று வருடம் செல்லும், போனிலேயே வாங்கிவிடலாம். பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் ஞாபகப்படுத்துகிறேன். "பண்றேன் ப்ரோ." இதோ, ஆறு நாலாயிற்று. 300 என்பது 450 ஆயிற்று. மற்ற மூன்று பேருக்கு இதை நான்தான் சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றினதும் மீன்பிடித் திருவிழா. விடிவதற்கு முன்பே சுற்றுவட்டார சனமெல்லாம் கரையில் நிற்கும். ஊத்தா என்கிற மூங்கில் கூடை வைத்திருப்பவன், வலை வைத்திருப்பவன், ஒன்றும் இல்லாதவன் வீட்டுக் கொசுவலையைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பான். ஊர்ப்பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினதும் அத்தனை பேரும் சேற்றில் இறங்குவார்கள். அன்றைக்குக் கல்யாணம் இருந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள்கூடக் கரைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். "அடுத்த மாசம் பிடிக்கலாமே" என்று ஒருத்தர் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. தண்ணீர் எப்போது வற்றுகிறதோ அப்போதுதான் மீன் என்று அரைக்கால் சட்டை போட்ட பையனுக்கும் தெரியும். இவனும் அதே மாவட்டம்தான்! இவன் அப்பா ஊத்தாவோடு இறங்கினதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் பிறந்தவனுக்கா ஏரிக்கு ஒரு நேரம் உண்டு என்று நான் பாடம் நடத்த வேண்டும்?

47ஆவது நிமிடத்துக்கு வருகிறேன். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "சரிடா, வை" என்றேன். "மச்சான், ஒரு நிமிஷம்" என்றான். மனசு மாறிவிட்டான் என்றே நினைத்தேன். "பிக்கரல் கிடைச்சா எனக்கு ரெண்டு எடுத்துட்டு வா. தோலோட கொண்டு வா, மிளகாய்த்தூள் போட்டு வறுக்கணும்."

என் கணக்கே ரெண்டு மீன்தான். என் ரெண்டையும் கேட்கிறான்.

அந்த மீனை நான் எதில் வைத்துக் கொண்டுவருவது? என் ஐஸ் பெட்டி போன செப்டம்பரிலிருந்து அவன் வீட்டில் இருக்கிறது. பிரியாணி கொண்டுபோக என்று வாங்கிப்போனான். ஒரு கீல் உடைந்துவிட்டது என்று அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு மாதம் ஆகிறது. மீன் அப்புறம் இருக்கட்டும், முதலில் என் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுடா!