"நீங்க நின்னா என்னக்கா?"

"நல்லவன் ஒதுங்கினால் கெட்டவன்தானே வருவான்?" தேர்தல் நெருங்கினால் இந்த மாதிரி வரியைப் பகிராத ஆள் இல்லை. நானும் பகிர்ந்திருக்கிறேன். அப்படி ஒதுங்கிய ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகு பகிர்வதில்லை.

எனக்குத் தெரிந்த அக்கா அவர். இருபது வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்தவர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு முதல்முறையாக அறிவிப்புப் பலகைக்கு வந்ததே அவர் பொருளாளர் ஆன பிறகுதான். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி நாங்கள் நாலைந்து பேர் வேட்புமனுப் படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏதோ கம்பெனி கணக்கு வந்த மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். சொத்து, கடன், வழக்கு விவரம் கேட்கிற பக்கத்தில் பின்னால் நின்ற மகள் கேட்டாள்: "அம்மா, மாமா கேசையும் இதுல எழுதணுமா?"

"எழுத வேண்டாம். ஆனா அவங்க பேசுவாங்க" என்றார் அக்கா. படிவத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அது தள்ளுபடியாகிப் பல வருடமான வழக்கு. அக்காவுக்கு அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் எதிரே மைக் பிடிக்கிறவர் 'வழக்கு' என்ற சொல்லை மட்டும்தான் சொல்வார், 'தள்ளுபடி'யைச் சொல்ல மாட்டார்.

"பயந்துட்டாங்க" என்றார் வெளியே வந்ததும் எங்களில் ஒருவர். எனக்கு அது பயமாகப் படவில்லை. தணிக்கைக்காரர் கணக்குப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஜெயித்தால் வரவு ஊருக்கு, வசவு வீட்டுக்கு. தன் பங்கு வசவை வாங்கிக்கொள்ள அவர் தயார்தான். பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் பங்கையும் சேர்த்துக் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை.

வசவோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பிரிட்டனில் 2016 ஜூனில் ஜோ காக்ஸ், 2021 அக்டோபரில் டேவிட் அமெஸ் என்று இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள், தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். 'தைரியம் வேண்டும்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டு வாசலில் நிற்கிற குழந்தையின் தைரியத்தையும் சேர்த்துக் கேட்கிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

சரி, இதெல்லாம் வெளியில் தெரிகிற காரணங்கள். எனக்கு உறுத்துகிற காரணம் வேறு. தேர்தல் என்கிற வாசலே, 'என்னை விட்டால் ஆளில்லை' என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்தவருக்குத் தோதாகச் செய்தது. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்று சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அப்படி வளர்ந்தவரைத் தெருத்தெருவாகப் போய்த் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் நாக்கு எழாது. கட்சி வழியாகப் போகலாமே என்றால், அங்கே மக்களுக்கு முன்னால் கட்சி அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அந்த முதல் தேர்தல்தான் கஷ்டமானது. அதற்கு ஓட்டுப்பெட்டியும் கிடையாது, மறு எண்ணிக்கையும் கிடையாது.

அமெரிக்காவில் ஜெனிஃபர் லாலெஸ், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001 முதல் வழக்கறிஞர்கள், தொழிலதிபர்கள், கல்வித்துறையினர் போன்றவர்களிடம் தேர்தலில் நிற்பதைப் பற்றிக் கேட்டு ஆராய்ந்தார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம் இருந்தும், பெண்கள் 'எனக்கு அந்தத் தகுதி இல்லை' என்று ஆண்களைவிட அதிகம் சொன்னார்கள். 'நீங்கள் நில்லுங்கள்' என்று பிறர் வந்து கேட்டதும் அவர்களை விட ஆண்களைத்தான் அதிகம். நாமும் அக்காவிடம் போனது ஒரே ஒரு முறை. இரண்டாவது முறை யாரும் போகவில்லை, நானும்தான்.

பழையவர்கள் இந்தக் கூச்சத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி வைத்திருந்தார்கள். பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் 500 பேர் சபைக்கு ஆட்களைக் குலுக்கலில் எடுத்தார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடையாது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் வருகிற குடவோலையும் அதே மாதிரிதான். தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம், நிலமும் வேதப் படிப்பும் கேட்ட முறை அது. ஏதென்ஸிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவர் உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. அக்காவிடம் சொன்னபோது, "அந்த ஊர்ல ஆடிட்டர் நல்ல ஆளா இருந்திருப்பார் போல" என்று சிரித்தார்.

பழங்கதை மட்டுமில்லை. அயர்லாந்தில் 2016-இல் சாதாரணக் குடிமக்கள் 99 பேரைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து உட்காரவைத்தார்கள். வார இறுதிகளில் வந்து, கருக்கலைப்புச் சட்டம் போன்ற நெருப்பான விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுப் பேசி, பரிந்துரை கொடுத்தார்கள். 2018-இல் பொதுவாக்கெடுப்பு அந்த வழியிலேயே போனது. அந்த 99 பேரில் எத்தனை பேர் தாமாகச் சுவரொட்டி அடித்து நின்றிருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது நல்லவர்களுக்குப் பிடிக்காது. ஒதுங்குவதில் கொஞ்சம் கௌரவமும் இருக்கிறது. படிப்பில், வேலையில் தோற்றே பழகாதவர்கள் இவர்கள். நேர்முகத் தேர்வில் தோற்றால் யாருக்கும் தெரியாது. தேர்தலில் தோற்றால் வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வரும். தன் தெருவுக்கான சாவடியில் மொத்தம் பதினேழு ஓட்டு என்று பார்க்கிறவருக்கு, மறுநாள் காலை நடைப்பயிற்சியில் வணக்கம் சொல்கிற ஒவ்வொரு முகமும் சந்தேகம்தான். இதை வாங்கிக்கொள்ள அறிவோ நேர்மையோ உதவாது, அதற்குத் தோல் தடிப்பு வேண்டும்.

கொள்கை விஷயமும் அப்படித்தான். வெளியே இருக்கும்வரை கொள்கை சுத்தமாக இருக்கும். உள்ளே போனால் ஒரே பணத்தில் மருத்துவமனையா, தண்ணீர்க் குழாயா என்று கேட்பார்கள், இரண்டில் ஒரு வரிசையின் சாபத்தை வாங்கித்தான் ஆகவேண்டும்.

சம்பளமே வாங்காமல் சேவை செய்யட்டும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1911 வரை சாதாரண நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. பணக்காரர்களும், பின்னால் நின்று காசு கொடுக்க ஆள் இருந்தவர்களும்தான் தாக்குப்பிடித்தார்கள். நமக்கு வேண்டியது அதுவா?

அக்கா நிற்கவில்லை. ஜெயித்தவர் நல்ல மாதிரிதான், ஆனால் கணக்கு வராது. வருடா வருடம் வரவு செலவுத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவார். அக்கா பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கொடுப்பார். போன முறை நானும் அங்கே இருந்தேன். அவர் போன பிறகு, "நீங்க நின்னா என்னக்கா?" என்று பழைய கேள்வியை மறுபடி எடுத்தேன்.

பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீ ஏன் நிக்கல?" என்றார்.

எனக்கு வேலை அதிகம் என்று சொன்னேன். "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.