ரஷ்யாவில் இருப்பவர்கள் எல்லோரும் 'ரஷ்யர்' அல்ல

"ரஷ்யாவில் ஒரே இனம், ஒரே மொழி, அதனால்தான் அங்கே இனச் சண்டையே கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ரஷ்ய மொழியிலேயே இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. இனத்தால் ரஷ்யர் என்றால் 'ரூஸ்கி'. எந்த இனமானாலும் அந்நாட்டுக் குடிமகன் என்றால் 'ரஸ்ஸியானின்'. தமிழில் இரண்டையும் 'ரஷ்யர்' என்றே எழுதிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இன ரஷ்யர்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. மிச்சமுள்ளவர்களில் 100-க்கும் மேற்பட்ட இனங்கள்.

கசான் நகரத்தைப் பாருங்கள். அது ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் தத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகர். அங்கே ரஷ்ய மொழியோடு தத்தார் மொழியும் ஆட்சிமொழி. அது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ரஷ்ய மொழிக்கு உறவே இல்லை. நகரின் கோட்டைக்குள் தேவாலயமும் மசூதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அப்புறம் கல்மீக்கியா, இன்னொரு குடியரசு: ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியிலேயே இருக்கிறது, ஆனால் அங்குள்ள கல்மீக் இன மக்கள் பெரும்பாலும் பௌத்தர்கள், அவர்கள் மொழி மங்கோலிய வகை!

ரஷ்ய மொழி நாடு முழுவதும் பொதுமொழி என்பது சரி. ஆனால் 1993 அரசியல் சட்டமே "பல தேசிய இன மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. சண்டை இல்லையா? செச்சென் இனத்தவர் வாழும் தென்பகுதிக் குடியரசான செச்னியாவில் 1994-லும் 1999-லும் மூண்ட போர்கள் என்னவாம்?