குறுக்கு விசாரணையை மலையகத்தில் கற்பிக்கும் விதம்

நம் தோட்டங்களிலிருந்து சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது நிறைகிறது. ஆனால் சான்றுச் சட்டத்தை அவர்கள் படித்து வரும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. 25ஆம் பிரிவு? பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நிரூபிக்க முடியாது. 32? இறந்தவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை. கேட்டவுடன் ஒப்பிக்கிறார்கள். எழுந்து நின்று ஒரு சாட்சியிடம் நாலு கேள்வி கேள் என்றால் தொண்டை அடைத்துவிடுகிறது.

இந்தியாவுக்காக ஆங்கிலேய சட்ட அறிஞர் ஸ்டீபன் 1872இல் எழுதிக்கொடுத்த சட்டம்தான், சில மாற்றங்களோடு, 1895இல் நமக்கு 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. மனப்பாடம் செய்ய வசதியான சட்டம். ஆனால் அது பிழைத்திருப்பது வாயிலும் காதிலும்தான். அதை நன்றாக உணர்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் இர்விங் யங்கர். நியூயோர்க்கில் நீதிபதியாக இருந்துவிட்டு, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சான்றுச் சட்டம் கற்பித்தவர், 1988இல் காலமானார். குறுக்கு விசாரணைக்கு, அதாவது எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்பதற்கு, அவர் சொன்ன பத்துக் கட்டளைகளை இன்றைக்கும் வழக்குரைஞர்கள் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார்கள். சுருக்கமாகக் கேள். எளிய சொல்லில் கேள். பதில் தெரிந்த கேள்வியை மட்டும் கேள். சாட்சியோடு சண்டை போடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேள்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஊர் வேறுபடுகிறது.

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி, கொழுந்து பறிக்கும் தன் அம்மாவாகச் சாட்சிக் கூண்டில் நின்றாள். எதிர்த்தரப்புக்கு ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன்.

“அந்த நேரம் நீங்கள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றீர்கள்?”
“ஆமாங்க.”
“அங்கிருந்து லயத்து வாசல் தெரியாது?”
“ஆமாங்க.”
“அப்படியென்றால் அடித்தவரை நீங்கள் பார்க்கவில்லை?”
“ஆமாங்க ஐயா.”

பையன் முகமெல்லாம் சிரிப்பு. ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய் என்று அவளிடம் கேட்டேன். “சேர், எங்கம்மா இப்படித்தான் சொல்லுவாங்க. கோட்டுப் போட்டவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல அவங்களுக்கு வராது” என்றாள். அந்த வகுப்பில் அதற்குமேல் எந்தப் பிரிவையும் நடத்த எனக்கு மனம் வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடிக்க மனிதன் உருவாக்கிய மிகப் பெரிய சட்ட இயந்திரம் குறுக்கு விசாரணை என்றார் அமெரிக்கச் சான்றுச் சட்ட அறிஞர் விக்மோர். சரி, சாட்சிக்கு மறுத்துப் பேசத் துணிவிருக்கும் இடத்தில் அது ஓடும். துரைக்கும் கங்காணிக்கும் தலைமுறை தலைமுறையாகத் தலையாட்டியே பழகியவர்களிடம் அது உண்மையைக் கொண்டுவராது, பணிவைத்தான் கொண்டுவரும். இதற்கிடையில் மொழிபெயர்ப்பு வேறு. நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்டால், அது மொழிபெயர்ந்து அந்த அம்மாவின் காதுக்கு வரும்போது என்ன மிஞ்சும்?

ஆகவே, குறுக்கு விசாரணையில் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்க இடம்தரும் 143ஆம் பிரிவைக் கற்பிக்கிற அதே மூச்சில் இன்னும் சிலவற்றைக் கற்பிக்க வேண்டும். அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ கேட்கும் கேள்வியைத் தடுக்க 152. நீதிபதி தானே கேள்வி கேட்க 165. அப்புறம் மீள் விசாரணை, அதாவது குறுக்கு விசாரணை முடிந்ததும் சாட்சியை அழைத்த தரப்பே மறுபடி கேள்வி கேட்பது. அதை நம் பிள்ளைகள் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். “அங்கே நின்றபோது உங்கள் கண்ணில் என்ன பட்டது, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்” என்று ஒரு கேள்வி போதும், அந்தத் தாய்க்குப் பேச்சு திரும்பிவிடும். வேலைநீக்க வழக்குகள் போகும் தொழில் நியாய சபையைச் சான்றுக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. அங்கேயும் கேள்வி கேட்கிற திறமைதான் தொழிலாளியைக் காப்பாற்றும்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் ஆயுளையே செலவழிக்கலாம். நீதிமன்றத்தில் போய் உட்கார வேண்டும், ஒவ்வொரு மாணவரையும் நிற்கவைத்துத் திருத்த வேண்டும், மறுபடி நிற்கவைக்க வேண்டும். அப்படி உழைப்பவரை, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவருக்குச் சமமாகப் பல்கலைக்கழகங்கள் மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேராதனையில் ஒரு காலத்தில் சட்டத்துறை இருந்தது. 1965இல் அது கொழும்புக்குப் போய்விட்டது, பிற்காலத்தில்தான் அங்கே மறுபடி ஒன்று வந்தது. மலையகத்து நீதிமன்றங்களை அறிந்த ஆசிரியர்கள் மறுபடி உருவாக வேண்டும்.

நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கம் வழக்காடும் சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மாணவர்களுக்குக் கொடுங்கள். பயிற்சிச் சாட்சியாக மாணவர்களையே நிறுத்தாமல், கொழுந்து பறிக்கும் அம்மாக்களை அழைப்போம். அன்றைய சம்பளத்தை நாம் சேர்ந்து கொடுத்துவிடலாம். வர விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள்.