தமிழ் வாசித்தால் ஆங்கிலம் வராதா?

"பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டுமா? தமிழ்ப் புத்தகங்களை மூடி வையுங்கள்" என்றொரு வட்சப் செய்தி இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளை, அடுத்து வருவதை ஊகிக்கவும் கதையின் கருத்தைப் பிடிக்கவும் ஏற்கெனவே பழகியிருக்கும். அந்தத் திறன் ஆங்கிலத்திலும் கைகொடுக்கும். மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே இதை விளக்கியிருக்கிறார். தாய்மொழியில் தொடங்கச் சொல்லும் யுனெஸ்கோவின் 1953 அறிக்கையை அதன் இணையதளத்தில் பார்க்கலாம்.

சரி, ஆங்கில எழுத்தொலியும் சொற்களும் தானாக வந்துவிடுமா? வராது, சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு 'பாஸ்கட்' என்ற சொல் படத்தோடு வந்தால் சட்டென ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.