கொர்னேலியஸ் என்ன உங்கள் பட்டா நிலமா?

அந்தச் சார்ட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தெரியாத மாதிரி எனக்கே அனுப்பியவர்களும் உண்டு, நன்றி. ரோமின் கொர்னேலியஸ் குடும்பம், மேலே ஒரு பளிங்குத் தலை, கீழே கிளை கிளையாக அம்புக்குறி, தலைப்பு: "கலப்பே இல்லாத ரத்தம்". அதன் கீழே நான் போட்டது சின்னக் கமெண்ட். அந்தப் பெயர் பிள்ளை பெற்று மட்டும் பரவியதல்ல, தத்து, அடிமை விடுதலை, குடியுரிமை என்று பல வழியில் போயிருக்கிறது, சார்ட்டில் அதையும் சேர்க்கலாமே என்று. மரியாதையாகத்தான் போட்டேன், ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. வந்த பதில்: "உங்க தாத்தாவோட ஓசிப் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும் ப்ரோ." கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று. அதற்கு விழுந்த லைக்கைப் பார்த்தீர்கள்தானே.

தாத்தாவுக்கு அப்புறம் வருகிறேன், அவர் பெயரும் அதே கொர்னேலியஸ்தான். முதலில் ரோம், ஏனென்றால் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

கொர்னேலியஸ் பெரிய வீடு. அதை நான் எங்கும் மறுக்கவில்லை. கி.மு. 485-லேயே அந்தப் பெயரில் ஒருவர் கான்சல், அதாவது ரோமின் உச்சப் பதவியில். ஸ்கிப்பியோ, லெண்டுலஸ், சுல்லா, சின்னா, டொலபெல்லா, செதேகஸ் எல்லாம் அந்த ஒரே பெயரின் கிளைகள். ஆப்பியா சாலை ஓரத்தில் ஸ்கிப்பியோக்களின் கல்லறை இன்றும் இருக்கிறது. கி.மு. 298-ல் கான்சலாக இருந்த பார்பாட்டஸின் கல் பெட்டி இப்போது வாத்திக்கன் அருங்காட்சியகத்தில். இவர் வீரர், அறிவாளி, அழகும் வீரத்துக்குக் குறைந்ததில்லை என்று அதில் செய்யுளாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். பெருமை அடித்துக்கொள்ளட்டும், கான்சலாக இருந்தவர்.

ஆனால் அந்தப் பெயர் ரத்தம் இல்லைங்க. சட்டம். ரோமில் குடும்பப் பெயர் என்பது கிட்டத்தட்ட நம் பட்டா மாதிரி, யார் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறார்களோ அவருக்குப் போகும்.

சார்ட்டின் நடுவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, "கார்த்தேஜை அழித்த ஸ்கிப்பியோ" என்று? கி.மு. 146-ல் ரோமின் பரம எதிரி நகரமான கார்த்தேஜை எரித்தவர் பிறப்பால் கொர்னேலியஸே இல்லை. ஏமிலியஸ் பவுலஸின் சொந்த மகன். கார்த்தேஜ் தளபதி ஹானிபலை சாமாவில் தோற்கடித்த ஸ்கிப்பியோவின் மகன், உடல்நலம் இல்லாதவர், இவரைத் தத்து எடுத்தார். அதனால்தான் பெயரின் கடைசியில் ஏமிலியானஸ் என்று வாலாக ஒட்டிக்கொண்டது. பிறந்த வீட்டை அவர்களே மறைக்கவில்லை. பெயரிலேயே எழுதி வைத்தார்கள். நீங்கள்தான் அந்த வாலை வெட்டிவிட்டு அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தகப்பன் கதையையும் சொல்கிறேன். பவுலஸ் மூத்த மகன்கள் இருவரையும் தத்துக் கொடுத்தார், ஒருவரை ஃபேபியஸ் வீட்டுக்கு, ஒருவரை ஸ்கிப்பியோ வீட்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். கி.மு. 167-ல் மாசிடோனியாவை வென்று திரும்பி வெற்றி ஊர்வலம். ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு பிள்ளை செத்துப்போனது, ஊர்வலம் முடிந்து மூன்று நாள் கழித்து இன்னொன்று. பெற்ற மகன்கள் இருவர் உயிரோடு, ஊரே கொண்டாடும்படி இருக்கிறார்கள், ஆனால் இவர் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒருவன் ஃபேபியஸ், ஒருவன் கொர்னேலியஸ். ரத்தம்தான் பெயர் என்றால் அந்த மனிதன் ஏன் வாரிசில்லாமல் நின்றான்? யாராவது சொல்லுங்கள்.

"அவங்க சொந்தக்காரங்கதானே சார், உறவுக்குள்ள தத்து" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், உறவுதான். ஹானிபலை வென்ற மூத்த ஸ்கிப்பியோவின் மனைவி ஏமிலியா, பவுலஸின் அக்கா தங்கச்சிதான். அதாவது தத்து எடுத்தவர் வழியில் பார்த்தால் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை உறவு. சொந்தம் வந்தது அம்மா பக்கம், பெயர் வந்தது அப்பா பக்கம். கொர்னேலியஸ் ரத்தம் அதில் எங்கே இருக்கிறது? சொந்தம் என்று வாயில் வந்ததும் பாயிண்ட் முடிந்துவிட்டதாக நினைத்தால் எப்படி?

இப்போது சுல்லா. சார்ட்டில் தங்கப் பட்டை போட்டிருக்கும் ஆள். அவருடைய முன்னோர் ரூஃபினஸ் இரண்டு தடவை கான்சலாக இருந்தும், பத்து ராத்தல் வெள்ளிப் பாத்திரம் வீட்டில் வைத்திருந்ததற்காகக் கி.மு. 275-ல் செனட்டிலிருந்து நீக்கப்பட்டவர். அதன் பிறகு அந்தக் கிளை தலை தூக்கவே இல்லை. சுல்லா வாலிபத்தில் வாடகை வீட்டில் இருந்தார். பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார்: கீழ்த் தளத்துக்கு இவர் கொடுத்தது 3,000 செஸ்டர்ஸ் (ரோமக் காசு), மேல் தளத்தில் இருந்தவர் 2,000. மேலே இருந்தவர் யார்? விடுதலை பெற்ற ஒரு அடிமை. பின்னாளில் சர்வாதிகாரியாகி, எதிரிகளின் கொலைப் பட்டியல் ஒட்டிய காலத்தில், பட்டியலில் இருந்த ஒருவரை ஒளித்து வைத்தார் என்று ஒரு முன்னாள் அடிமையைப் பாறையிலிருந்து தள்ளக் கொண்டு போனார்கள். அவர் சுல்லாவைப் பார்த்து, நாம் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள்தானே, நமக்குள் வித்தியாசம் ஆயிரம் செஸ்டர்ஸ்தானே என்று கேட்டாராம். சாகப் போகிற நேரத்தில் இப்படிக் கேட்டவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதே சுல்லாதான், கொல்லப்பட்டவர்களின் அடிமைகளில் இளவயதுக்காரர்கள் 10,000 பேருக்கு மேல் விடுதலை செய்து, குடியுரிமை கொடுத்து, தன் பெயரையே கொடுத்தார். எல்லோரும் கொர்னேலியஸ். வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். முதல் கான்சலிலிருந்து சுல்லா வரைக்கும் அந்த வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைகளை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வருமா? சார்ட்டில் இந்தப் பத்தாயிரம் பேருக்கு ஒரு அம்புக்குறி கூட இல்லை. இடம் போதவில்லையோ என்னவோ.

"விடுதலையான அடிமையும் செனட்டரும் ஒன்றா?" ஒன்றில்லை. கல்வெட்டிலேயே இன்னாருடைய மகன், இன்னாரால் விடுதலை பெற்றவன் என்று பிரித்துத்தான் எழுதுவார்கள். விடுதலை பெற்றவர் பதவிக்குப் போட்டியிட முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்குப் பிறகு பிறந்த பிள்ளை? அவன் பிறவியிலேயே சுதந்திரக் குடிமகன், "லூசியஸின் மகன்" என்று எழுதிக்கொள்வான், பெயர் கொர்னேலியஸ். சட்டம் அதற்கு மேல் கேட்காது. நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

பால்புஸ் என்று ஒருவர். இன்றைய ஸ்பெயினில் இருக்கும் காடிஸ்காரர். கி.மு. 72-ல் ஒரு சட்டம் போட்டு, போரில் உதவியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் அதிகாரத்தைத் தளபதி பொம்பேக்குக் கொடுத்தார்கள். இவருக்கும் கிடைத்தது. பெயர் லூசியஸ் கொர்னேலியஸ் பால்புஸ் ஆனது. இது செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். கி.மு. 56-ல் ரோமின் பெரிய வக்கீல் சிசரோவே வாதாடி மீட்டார். யாருக்கோ வயிறு எரிந்திருக்கிறது பாருங்கள், அப்போதும். கி.மு. 40-ல் அவர் கான்சல். ரோமக் குடிமகனாகப் பிறக்காத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவருடைய அண்ணன் தம்பி மகன், அவரும் கொர்னேலியஸ் பால்புஸ்தான், இன்றைய லிபியாப் பக்கம் இருந்த கராமந்தர்களை வென்று கி.மு. 19-ல் வெற்றி ஊர்வலம் போனார். அதற்குப் பிறகு அரச குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆக அந்த வரிசையின் கடைசி ஆள் காடிஸ் வீட்டுப் பிள்ளை. இன்னொன்று, அந்தக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த கான்சல்களில் ஒருவர் லெண்டுலஸ் குளோடியானஸ். அவரும் கிளாடியஸ் வீட்டிலிருந்து தத்து வந்தவர் என்று பெயரின் வாலே காட்டிக்கொடுக்கிறது!

"சுத்த" ரத்தத்தின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போமா? லெண்டுலஸ் சூரா, கான்சலாக இருந்தவர், அடுத்த வருடமே செனட்டிலிருந்து துரத்தப்பட்டவர். மூன்று கொர்னேலியஸ்கள் ரோமை ஆள்வார்கள் என்று குறி சொல்லியிருக்கிறது, சின்னா ஆயிற்று, சுல்லா ஆயிற்று, மூன்றாவது நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த கட்டிலினாவின் சதியில் சேர்ந்தார். கி.மு. 63 டிசம்பரில் நிலவறைக்குள் கழுத்தை நெரித்து முடித்துவிட்டார்கள். கூடவே இன்னொரு கொர்னேலியஸ், செதேகஸ். பெயரை மட்டும் நம்பி அரசனாகக் கிளம்பியவர் கதை இது. குறியில் வந்த அந்த மற்ற இருவர், சின்னாவும் சுல்லாவும், ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அழிக்கப் பார்த்தவர்கள். பங்காளிச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமா என்ன.

பெண்களைப் பற்றிச் சார்ட்டில் ஒரு கட்டம் கூட இல்லை. வீட்டில் எத்தனை பெண் பிறந்தாலும் எல்லோருக்கும் கொர்னேலியா என்றே பெயர். ஹானிபலை வென்றவரின் மகள்கள் இரண்டு பேரும் கொர்னேலியா, பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். அந்தச் சின்னவள் பன்னிரண்டு பிள்ளை பெற்றாள், மூன்று தங்கின, அதில் இரண்டு பேர் நிலச் சீர்திருத்தம் பேசிச் செத்த கிராக்கஸ் சகோதரர்கள். அவள் ரத்தம் அத்தனையும் செம்ப்ரோனியஸ் என்ற புருஷன் வீட்டுப் பெயருக்குப் போய்விட்டது. உங்கள் சார்ட்டின் கணக்குப்படி அங்கே ரத்தம் நின்றுபோயிற்றா?

சரி. தாத்தா.

என் தாத்தா பெயர் கொர்நேலியு, தமிழ் பைபிளில் கொர்னேலியஸ் இப்படித்தான். தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். அவர் அப்பா பனையேறி. ஞானஸ்நானம் கொடுத்தபோது உபதேசியார் வைத்த பெயர். அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தில் வரும் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு, இத்தாலியப் பட்டாளத்துக்காரன். அவன் ஸ்கிப்பியோவின் வம்சம் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அவன் வீட்டுக்குள் கால் வைக்கலாமா கூடாதா என்பதுதான் அந்த அதிகாரத்தின் பிரச்சினையே. யாரையும் தீட்டுள்ளவன் என்று சொல்லாதே என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்ட இடம் அது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த அதிகாரம் ஏன் பிடித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். விளக்க வேண்டும் என்றால் நீங்கள் இந்த மாநிலத்திலேயே வளராதவர்.

தாத்தா படித்து வாத்தியார் ஆனார். "கொர்நேலி வாத்தியார்" என்பது எங்கள் ஊரில். பக்கத்து ஊரில், அவரிடம் படித்த பிள்ளைகளின் அப்பன்கள் "ஏலே கொர்நேலி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்கிப் பதில் சொல்லுவார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆச்சி சொன்னாள்.

அண்ணன் கனடா போனபோது பாஸ்போர்ட் ஃபாரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். அப்பா யோசித்துத் தாத்தா பெயரை எழுதச் சொன்னார். இன்று அங்கே பிறந்த அண்ணன் பிள்ளைகள் கொர்னேலியஸ் குடும்பம். ஒரு ஃபாரம், ஒரு கட்டம், ஒரு கையெழுத்து. பால்புஸுக்கு நடந்ததும் இதுதான். இதில் எங்கே ஓசி?

"ரோமைப் பற்றிப் பேசினால் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" இழுத்தது நானா? கலப்பில்லாத ரத்தம் என்று தலைப்பு வைத்தது யார்? தாத்தாவை இழுத்தது யார்? ரெண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் ரத்த சுத்தத்தில் உங்களுக்கு என்ன அக்கறை என்று நானும் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் "ஹிஸ்டரி லவ்வர்" என்பீர்கள். நல்லது. ஹிஸ்டரி லவ்வர் ஆப்பியா சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால், கலிஸ்டஸ் நிலத்தடிக் கல்லறையில் இன்னொரு கொர்னேலியஸ் படுத்திருந்த இடம் இருக்கிறது. கி.பி. 251-லிருந்து 253 வரை போப்பாக இருந்து நாடு கடத்தப்பட்டவர். மற்ற போப்புகள் கல்லில் கிரேக்க எழுத்து, இவர் கல்லில் லத்தீன். பார்பாட்டஸ் வீட்டு ரத்தமா, சுல்லா விட்ட அடிமையின் ரத்தமா? கல்லில் எழுதவில்லை. எழுதத் தேவை என்று யாரும் நினைக்கவில்லை.

உங்கள் ஒரிஜினல் பாட்ரீசியன் வீடுகள், அதாவது ரோமின் பழைய மேட்டுக்குடி வீடுகள், சீசர் காலத்திலேயே ஆள் குறைந்து போய், சீசரும் அகஸ்டஸும், கி.பி. 48-ல் கிளாடியஸும் புதிதாகப் பாட்ரீசியன்களை நியமித்தார்கள். நியமித்தார்கள், சார். ஆர்டர் போட்டு. பெயர் மட்டும் ஏழை எளியவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக, இன்பாக்ஸில் வந்து "விடுங்க, அவன் ஒரு மாதிரி, நீங்க சொன்னதுதான் சரி" என்று ஆறுதல் சொன்ன நண்பர்களுக்கு. அந்தக் கமெண்ட்டின் கீழே உங்கள் பெயரும் இருந்தது. சார்ட்டுக்கு "அருமையான தொகுப்பு" என்று போட்டிருந்தீர்கள். என் தாத்தாவைச் சொன்ன பிறகும் அது அப்படியே இருந்தது. இன்பாக்ஸில் எனக்கு எழுதியதில் பாதியை அங்கே எழுதியிருக்கலாம். இந்தப் பதிவுக்கு உங்கள் லைக் வேண்டாம்.