புல்லை வெட்டினால் மட்டும் தீத்தடுப்புக் கோடு ஆகாது

வயலைச் சுற்றி ஒரு பட்டைக்குப் புல்லை வெட்டிவிட்டால் காட்டுத்தீ தாண்டாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். பாதிதான் சரிங்க. வெட்டுவதால் சுவாலையின் உயரம் குறையும், தீ நிற்காது. வெட்டிய புல் அங்கேயே கிடந்தால் இரண்டு மூன்று வெயிலில் சருகாகி, நின்ற பச்சைப் புல்லைவிட எளிதில் பற்றும். தரையோடு பரவும் தீயை நிறுத்துவது வெறும் மண்தான். அதனால் வெட்டியதை வாரி அகற்றிவிட்டு, வேர்முடிச்சு புரளும்வரை உழ வேண்டும். அகலம், பக்கத்துப் புல், புதர் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். பலத்த காற்றில் பறக்கும் பொறி அதையும் தாண்டலாம் என்பது வேறு விஷயம்.

சரிபார்க்கத் தீ வைத்துப் பார்க்க வேண்டாம். பட்டை நெடுக நடந்து, பத்தடிக்கு ஒருமுறை செருப்பு நுனியால் கீறிப் பாருங்கள். மண்ணுக்கு முன்னால் வைக்கோல் மாதிரி நார் சிக்கினால் அந்த இடம் தீக்குப் பாலம். கையளவு புல் பிடுங்கி மடக்குங்கள். வளையாமல் படக்கென்று ஒடிந்தால் எரியத் தயார். ஒரு மழைக்குப் பிறகு களை முளைத்துக் காய்ந்தால் மறுபடி உழ வேண்டியிருக்கும்.

வெட்டுவதையும் காலை ஈரத்தோடு முடித்துவிடுங்கள். இரும்பு பிளேடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே தீயைத் தொடங்கிவிடும்.